வீட்டில் நடப்பதைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் அறைக்கு ஓர் அம்மா தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டு மாதமாகப் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி. ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று குழந்தை மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். (இங்கே நான் சொல்லும் குடும்பங்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வரும் வயிற்று வலியைப் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். வலி நிஜமாகவே இருக்கும். பரீட்சைக்கு முன்னால் பெரிய பிள்ளைகளுக்கே வயிறு கலக்குகிறது. மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாத ஏழு வயதில் அது முதலில் வயிற்றில்தான் தெரியும்.

விஷயம் மெல்லத்தான் வெளியே வந்தது. பள்ளியில் ஒரு வாட்ஸ்அப் குரூப். தினமும் ராத்திரி எட்டு மணிக்குள், பிள்ளை டேபிள், சேரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் போட்டோவை அதில் போட வேண்டும். போடாதவர்களின் பெயர் மறுநாள் காலை அதே குரூப்பில் வரும். இந்த அம்மா கம்பெனி வேனில் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி ஏழு ஆகிவிடும். ஒரே அறை வாடகை வீடு.

“எங்க வூட்ல டேபிளே இல்ல மேடம். பக்கத்து வூட்டு அக்காவ கேட்டு, அவங்க டைனிங் டேபிள்ல ஒக்கார வெச்சி போட்டோ எடுத்துனு வந்துடுவேன். அப்புறம் இங்க வந்து பாய்ல படுத்துக்குனு எழுதுவா” என்றார் அம்மா.

ஒரு நாள் வகுப்பில் மிஸ் எல்லார் முன்னாலும், “உங்க வீட்டு டேபிள் ரொம்ப அழகா இருக்கே, அப்பா வாங்கினதா?” என்று கேட்டிருக்கிறார். அன்பாகத்தான் கேட்டிருப்பார். அப்பா இவர்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. குழந்தை “ஆமா மிஸ்” என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாள் பக்கத்துப் பெண், “உங்கப்பா எங்கே வேலை செய்றாரு?” என்று கேட்டாள். அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டி வந்தது. யாரிடம் என்ன சொன்னோம் என்று அவள் தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. வயிற்று வலி தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். பள்ளி நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது பெற்றோருக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பது பிள்ளை. பள்ளி கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கிறது, வீடு பதிலைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறது. “மிஸ் கேட்டா இதைச் சொல்லாதே” என்று காலையில் தலை பின்னும்போது சொல்லி அனுப்பாத அம்மாக்கள் எத்தனை பேர்? ஒரு பக்கம் மிஸ், ஒரு பக்கம் அம்மா. இரண்டு பேருமே பிள்ளைக்கு வேண்டியவர்கள். யாரிடம் உண்மையாக இருப்பது என்று தவிக்கும் பிள்ளையிடமிருந்து அப்புறம் யாருக்கும் உண்மை வராது. உங்களிடமும் வராது.

இன்னொரு குடும்பம் காட்பாடியிலிருந்து வந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு வலிப்பு நோய், மாத்திரையில் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. பள்ளி ‘முழு ஃபைல்’ வேண்டும் என்று கேட்டது. அப்பா கொடுத்துவிட்டார். அந்த ஃபைலில் மருந்து விவரம் மட்டும் இல்லை. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், வீட்டில் நடந்த சண்டை, அம்மா எடுத்துக்கொண்ட சிகிச்சை என்று மருத்துவர் நம்பிக்கையாகக் கேட்டு எழுதிவைத்தவையும் இருந்தன. ஒரே வாரத்தில் வேன் டிரைவர் பையனிடம், “உங்கம்மாவுக்கு இப்ப பரவால்லியா?” என்று விசாரித்திருக்கிறார். என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அப்பாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. “நான் கொடுத்திருக்கக் கூடாது மேடம்” என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் மேல் தப்பில்லை. பிள்ளையின் பாதுகாப்புக்கு என்று கேட்டால் எந்த அப்பாதான் மறுப்பார்? ஆனால் பாதுகாப்புக்குத் தேவைப்படுவது மருத்துவர் எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதம்தான். பிள்ளைக்கு வலிப்பு வரலாம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், இந்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள். ஆசிரியருக்கு இவ்வளவு போதும். ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ உள்ள பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் எழுதித் தரலாம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், தருவார்.

அப்புறம் அட்மிஷன் நேரம். அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மாவுக்கு இங்கிலீஷ் வருமா, சொந்த வீடா வாடகையா, கார் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆம் பிரிவுப்படி, சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டுவது குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. ஆதாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. மாணவர்களின் படிப்பு விவரங்களைச் சேர்த்து வைக்கும் ‘அபார்’ அடையாள எண்ணுக்கும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் தராமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த ஷூ கம்பெனி அம்மாவுக்கு நான் சொன்ன ஒரு செய்தி அவரை அதிர வைத்தது. 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. கொடுக்கவே கூடாத வீட்டுப்பாடத்துக்குத்தான் அவர் பக்கத்து வீட்டு டேபிளைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிபன் பாக்ஸ் விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. முட்டை கொண்டுவரக் கூடாது என்று வகுப்பில் டப்பாவைத் திறந்து பார்த்ததாகக் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தாத்தா சொன்னார். அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரம் 5 நாளும் முட்டை போடும் மாநிலம் இது. வளரும் பிள்ளை தன் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்துக் கூச்சப்படும்படி எந்தப் பள்ளியும் செய்யக் கூடாது.

ஆனால் பள்ளி கேட்கும் எல்லாக் கேள்வியும் தலையீடு ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, ஒன்பதாம் வகுப்பு மாணவி பத்து நாளாக வரவில்லை என்று வீட்டுக்கே போய் விசாரித்தார். கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தார். அந்தப் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். உடம்பில் காயம், திடீரென்று பேச்சு நின்றுபோவது, பசியோடு வருவது, காரணமில்லாமல் நாள்கணக்கில் வராமல் போவது, இவற்றைப் பார்த்தால் ஆசிரியர் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாலியல் வன்முறை என்று தெரியவந்தால் புகார் செய்வது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி கட்டாயம், மறைத்தால் தண்டனை உண்டு. அதையும்கூடத் தனியாக, மெதுவாக, பிள்ளை தலை குனியாதபடி கேட்க வேண்டும்.

ஆசிரியர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். போட்டோ வாங்கு, ஃபார்ம் நிரப்பு, கணினியில் ஏற்று என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். நிறைய பேருக்கு இதில் விருப்பமே இல்லை. அதனால்தான் முதலில் வகுப்பு ஆசிரியரையே போய்ப் பாருங்கள் என்று சொல்கிறேன். பிள்ளையை வைத்துக்கொண்டு பேச வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடவே வேண்டாம், அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் மறுநாள் வகுப்பில் பிள்ளையின் காதுக்கு வந்துவிடும். நேரில் போய், இந்தத் தகவல் எதற்கு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் இருக்கிறது.

“ஏதாவது கேட்டா டி.சி. குடுத்துடுவாங்க” என்ற பயம்தான் எல்லோரையும் வாயடைக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் பகுதியில் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நிறைய. அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருப்பதால், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பிரிவுகளை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தேதான் போனார். வீட்டில் டேபிள் இல்லை, அப்பா இல்லை, இனி போட்டோ அனுப்ப மாட்டேன், இதைப் பற்றி என் மகளிடம் கேட்காதீர்கள், எதுவானாலும் என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மிஸ் கண் கலங்கிவிட்டாராம். வலி ஒரே நாளில் போகவில்லை. ஆறு வாரம் ஆனது. கடைசியாக வந்த அன்று அவள் என் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டு, “எனக்குப் பாய்ல எழுதுறதுதான் புடிக்கும்” என்றாள்.

மற்ற பிள்ளைகள் இன்னும் எட்டு மணிக்குள் போட்டோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.