குழித்துறையில் இறங்கினால் மட்டும் ஏன் வாயில் தண்ணீர் ஊறுகிறது?

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து அண்ணன் ஒருவர், ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். பெயர் வேண்டாம். கொச்சியில் விசைப்படகு ஏறினால் முப்பது நாள், சில நேரம் நாற்பது நாள் கழித்துத்தான் கரை. பல வருடம் நன்றாகக் குடித்தவர். அவர் ஒருமுறை சொன்ன விஷயம் எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை. "லே மக்கா, கடல்ல முதல் மூணு நாலு நாள்தான் பாடு. அதுக்கப்புறம் குடிக்க நினைப்பே வராது பாத்துக்க. கொச்சியில கரையேறுனாகூட பெரிசா ஒண்ணும் தோணாது. ரயில் ஏறி வந்து குழித்துறையில கால வைக்கணும், அப்பத்தான் வாயில தண்ணி ஊறும், கை காலெல்லாம் ஒருமாதிரி ஆயிரும்."

சரக்கு கொச்சியிலும் கிடைக்கிறது, குழித்துறையிலும் கிடைக்கிறது. உடம்பும் முப்பது நாள் தொடாமல் இருந்த அதே உடம்பு. அப்படியானால் அந்தத் தாகம் உடம்பில் இல்லையா, ரயில் நிலையத்திலா இருக்கிறது? சிரிக்காதீர்கள், விடை கிட்டத்தட்ட அதுதான்.

அந்த மூன்று நான்கு நாள் பாட்டை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் பலரும் போதையிலிருந்து மீள்வது என்றாலே இதுதான் என்று நினைக்கிறார்கள். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் வேதிப்பொருள் காபா, கிளப்பிவிடுவது குளூட்டமேட். மது காபாவின் கையை ஓங்க வைத்து குளூட்டமேட்டை அமுக்குகிறது. தினமும் இதே கதை என்றால் மூளை சும்மா இருக்காது, சரிக்கட்டுவதற்காகக் கிளப்பும் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நங்கூரத்தை இழுத்துக்கொண்டே ஓடுவதற்காக எஞ்சினை முழு வேகத்தில் வைத்திருக்கும் படகை நினைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று நங்கூரக் கயிற்றை அறுத்தால் என்ன ஆகும்? படகு துள்ளும். குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்கு நடப்பது அதுதான். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு. இன்னும் சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வது போன்ற தோற்றம், தாறுமாறாக ஓடும் இதயம். இந்தக் கடைசி நிலை ஆளைக் கொல்லக்கூடியது. நடுக்கடலில் அந்த அண்ணனுக்கு வலிப்பு வராமல் இருந்தது அவருடைய நல்ல நேரம், வேறென்ன சொல்ல.

அதனால் "ரூமில் போட்டுப் பூட்டு, நாலு நாளில் எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லும் மாமாக்களை நம்பாதீர்கள். மருத்துவமனையில் காபாவுக்குக் கைகொடுக்கும் டயசெபாம் வகை மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், அதாவது நங்கூரத்தை அறுக்காமல் மெதுவாகத் தூக்குகிறார்கள். கூடவே பி1 வைட்டமினும் போடுவார்கள். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், வற்றினால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாழாகலாம். அபின் வகை வலி மாத்திரையைப் போதைக்குப் பழகியவர்களுக்கு வேறு மாதிரி: மூக்கு ஒழுகும், கொட்டாவி, புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் செத்துவிடலாம் போல இருக்கும். கஞ்சா என்றால் தூக்கம் போகும், பசி போகும், எரிச்சல் வரும்.

சரி, இவ்வளவும் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். குழித்துறை விவகாரம் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பு செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த செல்கள் துடிதுடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு அடையாளம் காட்டிப் பழக்கினார். கொஞ்ச நாளில் துடிப்பு இடம் மாறிவிட்டது, அடையாளம் தெரிந்ததும் துடிக்கிறது, சாறு வரும்போது சும்மா இருக்கிறது. அடையாளம் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டால், வரவேண்டிய நொடியில் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது. டோபமின் என்றால் 'இன்ப ரசாயனம்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைவிட அதை ஒரு கணக்குப்பிள்ளை என்று சொல்லலாம். எதிர்பார்த்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று வித்தியாசம் எழுதி வைக்கிற வேலை.

போதைப்பொருள் இந்தக் கணக்குப்பிள்ளையை ஏமாற்றுகிறது. சாதாரண சாப்பாடு பழகப் பழக 'எதிர்பார்த்ததுதானே' என்று கணக்கு நேராகிவிடும். போதையோ நேராக டோபமினையே தூக்கிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் 'எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது' என்றே பதிவாகிறது. அந்தப் பதிவு யார் பெயரில் விழுகிறது? முன்னால் வந்த அடையாளங்களின் பெயரில். பஸ் ஸ்டாண்ட், சம்பளம் கையில் வாங்கும் சனிக்கிழமை சாயங்காலம், குறிப்பிட்ட நண்பனின் போன், பிளாஸ்டிக் டம்ளர் நசுங்கும் சத்தம். குழித்துறை ரயில் நிலையம் அந்த அண்ணனுக்கு ஷுல்ட்ஸ் காட்டிய அடையாளம். நடுக்கடலில் அது இல்லை, கொச்சியிலும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார்: "இப்பெல்லாம் குடிச்சா சந்தோஷம் ஒண்ணும் கெடையாதுடே, ஆனா வேணும்." மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் எலிகளை வைத்து வருடக்கணக்கில் காட்டியது இதைத்தான். டோபமின் ஏறக்குறைய இல்லாமல் செய்த எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அது ரசித்துச் சப்புக்கொட்டுகிறது, ஆனால் தானாகத் தேடிப் போய்ச் சாப்பிடாது. பிடிப்பது வேறு, வேண்டுவது வேறு, இரண்டுக்கும் மூளையில் வழி வேறு. 'அப்படி என்ன சுகத்தைக் கண்டான் அதில்' என்று வீட்டில் கேட்பார்களே, அந்தக் கேள்விக்குப் பதில், ஒரு சுகமும் இல்லாமலேயே வேண்டிக்கொண்டிருக்க முடியும் என்பது.

இடத்தின் வலிமைக்குப் பெரிய சாட்சி வியட்நாம் போர். 1971இல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார் என்று தெரிந்து அந்த அரசாங்கமே ஆடிப்போனது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் ஊர் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இதற்கு இடம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, போர்ப் பயம் இல்லை, மலிவான ஹெராயின் இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அவர்கள் பழகிய இடத்தை விட்டு வீட்டுக்கு வந்தார்கள். நம் ஆட்கள் போதை மீட்பு மையத்தை விட்டு, பழகிய இடத்துக்கே வருகிறார்கள். வழி தலைகீழ்.

உடம்பும் இடத்தைப் படிக்கிறது என்பதற்கு 1982இல் ஷெப்பர்ட் சீகல் என்ற ஆய்வாளர் செய்த சோதனை கொஞ்சம் பயமுறுத்தும். ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார். வழக்கமாக மருந்து பெறும் இடத்திலேயே பெற்ற எலிகளில் 32 சதவீதம் செத்தன. அதே அளவை வேறு இடத்தில் பெற்றவற்றில் 64 சதவீதம். பழகிய இடத்தைப் பார்த்ததுமே உடம்பு முன்கூட்டியே எதிர்த்துத் தயாராகிறது, அந்தத் தயாரிப்பைத்தான் நாம் ஏக்கமாகவும் நடுக்கமாகவும் உணர்கிறோம் என்பது சீகலின் விளக்கம்.

இனி வருவதுதான் குடும்பத்தினர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கோகெய்ன் பழகிய எலிகளை வைத்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடையாளத்தைக் கண்டதும் எழும் தேடல் நிறுத்திய மறுநாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து அதிகமாக இருப்பதைக் காட்டியது. நாள் ஆக ஆகக் குறையும் என்றுதானே நினைப்போம்? முதலில் ஏறி, வெகு நாள் கழித்தே இறங்குகிறது. மனிதர்களிடமும் இதே போக்கு பிறகு பார்க்கப்பட்டிருக்கிறது. முப்பது நாள் மையத்தில் இருந்துவிட்டு முகம் தெளிந்து, எடை கூடி வருகிற பையனைப் பார்த்து 'ஆள் சரியாயிட்டான்' என்று வீட்டில் நிம்மதியாகத் தூங்கப் போகிற நேரம், மூளைக்குள் ஏக்கம் உச்சியில் நிற்கிற நேரமாக இருக்கலாம்.

மையத்தில் கற்றது ஊரில் ஏன் நிற்பதில்லை? பழைய பதிவு அழிவதில்லை, அதுதான் காரணம். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கிய நாய்க்கு மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும்; மணியடித்தும் சோறு வராமல் விட்டால் அது நின்றுவிடும், ஆனால் சில நாள் கழித்து மறுபடி மணியடித்தால் மறுபடி ஊறும் என்று பாவ்லோவே எழுதி வைத்திருக்கிறார். அதன் மேல் மார்க் பௌட்டன் என்ற ஆய்வாளர் கண்டுகொண்டது, இந்த 'வராது' என்ற புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நான்கு சுவருக்குள் கற்ற 'வராது' அந்த நான்கு சுவருக்குள்தான் நன்றாக வேலை செய்யும். குழித்துறைக்கான பாடத்தைக் குழித்துறையில்தான் கற்க வேண்டும், அதுவும் பல தடவை, பல மனநிலையில், மழையிலும் கல்யாண வீட்டிலும் சண்டை போட்ட ராத்திரியிலும். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்களின் கூட்டங்கள் ஏன் பலருக்கு உதவுகின்றன என்பதற்கு என் சொந்த ஊகம் இது: 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய அந்த ஏற்பாடு, இப்போது நீங்கள் குடித்த அதே ஊரிலேயே, ஒரு பள்ளிக்கூட அறையிலோ சர்ச் கட்டடத்திலோ வாரா வாரம் நடக்கிறது.

முதலில் தள்ளி இருப்பது, அப்புறம் துணையோடு பழகுவது. அந்த அண்ணனும் முதல் ஒரு வருடம் குழித்துறையில் இறங்கவே இல்லை, நாகர்கோவில் வரை போய் பஸ் பிடித்து வந்தார். நேரமும் பணமும் வீண் என்று வீட்டிலேயே திட்டினார்கள். பிறகு அக்கா, அதாவது அவர் மனைவி, ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகத் தொடங்கினார். படகுப் பங்குப் பணம் அவர் கையில் வராமல் அக்கா கணக்குக்கே போனது. கையில் பணம் இருப்பதும் ஓர் அடையாளம்தானே.

இதற்கிடையில் மூளையும் மெல்ல ஆறுகிறது. நம் பக்கம் பால்வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும், வெட்டிய ரப்பர் மரத்தில் சில வருடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி வெட்டலாம், ஆனால் தடியில் படும்படி ஆழமாக வெட்டிய இடம் முடிச்சு முடிச்சாகத்தான் ஆறும். தினசரி கஞ்சா பிடித்தவர்களின் மூளையில் குறைந்துபோன ஏற்பிகள் (போதைப்பொருள் போய் ஒட்டும் இடங்கள்) சுமார் நான்கு வாரத்தில் மீண்டதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். மெத்தம்பெட்டமின் என்ற கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள் என்றால் டோபமின் தொடர்பான சில பகுதிகள் தேறவே ஒரு வருடத்துக்கு மேல். அதுவரை எதிலும் ருசி இல்லாமல், வெறிச்சென்று இருக்கும். சோம்பேறி என்று திட்டாதீர்கள், பட்டை வளர்ந்துகொண்டிருக்கிறது.

ரப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டைசல்ஃபிராம் என்ற குடிநிறுத்த மாத்திரை ரப்பரைப் பதப்படுத்தும் ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1937இல் அமெரிக்காவில், அதே வகை ரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளர்கள் குடித்தால் முகம் சிவந்து படுத்துவிடுகிறார்கள் என்று ஒரு தொழிற்சாலை மருத்துவர் எழுதினார். 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். மது உடம்பில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் இது தடுக்கிறது, குடித்தால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி. 'அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். அந்தப் பொடியில் இது இருந்து, விஷயம் தெரியாத ஆள் அரை பாட்டில் குடித்தால் உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிட்டால் அது நல்ல வேலி. நால்ட்ரெக்ஸோன் வேறு வழி, குடித்தாலும் உள்ளே கிடைக்கும் கிளர்ச்சியை மங்கவைக்கும். வலி மாத்திரை, ஹெராயின் பழக்கத்துக்கு நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று கேட்பார்கள். ஏற்பியில் அது அரைகுறையாகவே வேலை செய்து இடத்தை அடைத்துக்கொள்வதால் உச்சமும் இல்லை, நடுக்கமும் இல்லை, ஆள் வேலைக்குப் போகலாம். அதை எடுக்கும் காலத்தில் மரணங்கள் குறைகின்றன என்பது பல நாட்டு அனுபவம்.

சறுக்கல் வரும், பலருக்கு வரும். ஊசியோ மாத்திரையோ பழகியவர்கள் நிறுத்திச் சில வாரம் கழித்துப் பழைய அளவையே எடுப்பதுதான் மிக ஆபத்தானது, பழைய தாங்குதிறன் போயிருக்கும், மூச்சு நின்றுவிடலாம். திட்டு வாங்கப் பயந்து ஒளிந்து எடுப்பவன்தான் தனியாகச் சாகிறான்.

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14446 போதை மீட்புக்கான இலவச எண், 14416 மனநல உதவிக்கு. போலீஸ் பயத்தில் தயங்குகிறவர்களுக்கு: 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு.

போன மாதம் அண்ணனை ஸ்டேஷனிலேயே பார்த்தேன். தனியாகத்தான் இறங்கினார். நான்கு வருடம் ஆகிறதாம் தொட்டு. வெளியே வந்து டீயும் ஏத்தன்பழ பஜ்ஜியும் வாங்கினோம். இப்போது இங்கே இறங்கினால் எப்படி என்று கேட்டேன். "இப்பவும் வாயில தண்ணி ஊறத்தான் செய்யுது" என்றார். ஒரு கடி கடித்துவிட்டு, "ஆனா அது பழசுக்கா, பஜ்ஜிக்கா? அதுதான் பிடிகிட்டல பாத்துக்க."