ஒரே ஆளுக்கு இரண்டு உறுப்பினர் இலக்கம்

சங்கங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் உறுப்பினர் பதிவேட்டைக் கணினியில் அமைத்துக் கொடுப்பது என் தொழில். திருகோணமலை நகரிலும் சரி, கிண்ணியா, மூதூரிலும் சரி, இணையவழிப் பதிவு தொடங்கிய சில மாதங்களிலேயே பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிடுகிறார். செயலாளர்கள் இதை மோசடி என்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை மோசடி அல்ல. கடவுச்சொல்லை மறந்தவரும் கைப்பேசி இலக்கத்தை மாற்றியவரும் பழைய கணக்குக்குள் நுழைய வழியின்றிப் புதிதாகப் பதிகிறார்கள். பிறகு ஒரு கணக்கில் சந்தா கட்டியிருக்கும், மற்றதில் நிலுவை நிற்கும். ஒழுங்காகப் பணம் கட்டியவரே பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாமல் நிற்பது எவ்வளவு அநியாயம்!

பெயரை வைத்து இதைத் தடுக்க முடியாது. தந்தையின் முதலெழுத்தோடு பதிந்த பெண் திருமணத்துக்குப் பின் கணவரின் முதலெழுத்தோடு வருவார். முகமது, முஹம்மது, மொஹமட் மூன்றும் ஒருவராகவே இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் கணினிக்கு வேறாகலாம்: ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை, கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் உருவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல்களிலோ, கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதைவிட உறுதியானது. ஆனால் அதற்கும் இரண்டு உருவம் உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கங்கள். ஒருவர் முன்பு பழையதையும் இப்போது புதியதையும் கொடுத்தால் கணினி இருவராக எண்ணிவிடும். பழையதன் முன்னே 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். சேமிக்கும்போதே இப்படி ஒரே வடிவமாக்கிவிடுங்கள். பிறந்த திகதியோடு ஒப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த இலக்கத்தில் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கில் இருக்கிறது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கிறது. இதை அறியாத மென்பொருள் சரியான இலக்கத்தையே தவறென்று திருப்பி அனுப்பும்.

போரிலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்தவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அட்டை இல்லையென்று அவர்களுக்குக் கதவடைப்பதை நான் ஏற்பதில்லை. அவர்களை அலுவலகத்தில் ஒருவர் நேரில் பார்த்துப் பதியட்டும். ஒரு தொலைபேசிக்கு ஒரு கணக்கு என்ற கட்டுப்பாடும் வேண்டாம். ஒரே கைப்பேசியைத் தாயும் மகளும் பாவிக்கும் வீடுகள் இங்கு நிறைய.

புதிய படிவத்தைக் காட்டுமுன் ‘முன்பே பதிந்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு, பழைய கணக்கை மீட்கும் வழியை அங்கேயே கொடுங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதற்குத்தான் பலன் அதிகம். சிக்னல் குறைந்த இடத்தில் பொத்தானை இரண்டு முறை அழுத்துபவர்களால் வரும் இரட்டைப் பதிவை, பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளத்திலேயே தடுக்க வேண்டும். ஒரே அடையாள இலக்கத்தை அது இரண்டாம் முறை ஏற்கக்கூடாது. திரையில் மட்டும் சோதித்தால் ஒரே நொடியில் வரும் இரண்டு விண்ணப்பங்களும் உள்ளே போய்விடும்.

ஏற்கெனவே இரட்டித்தவற்றை அழிக்காதீர்கள், இணையுங்கள். பெயரும் ஊரும் ஒத்துப்போவதால் மட்டும் இணைப்பது ஆபத்து. வெவ்வேறு இருவரை ஒருவராக்கிவிட்டால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். உரியவரை அழைத்துக் கேட்டபின், சந்தா வரலாற்றை ஒரே கணக்கில் சேர்த்து, பழைய உறுப்பினர் இலக்கத்தைத் தேடினாலும் அந்தக் கணக்கே திறக்கும்படி செய்யுங்கள். சரிபார்ப்பதற்காக வாங்கிய அடையாள அட்டைப் படங்களை வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.