கைபேசியில் இசை: எந்தச் செயலியை வாங்குவது, எதை மற்றவர்களுக்குக் காட்டுவது?

இசைப் பயிற்சி வகுப்பில் ஒரு செயலியைப் பெரிய திரையில் போட்டு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த நிமிடமே எதிரே இருப்பவர்கள் தங்கள் கைபேசியில் அதே பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். விளக்கம் முடிவதற்குள் சிலர் பணமும் கட்டியிருப்பார்கள். "இப்படியும் ஒன்று இருக்கிறது" என்று நாம் சொன்னதை "இதை வாங்குங்கள்" என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கைபேசியில் இசை அமைக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கிற என் போன்றவர்களுக்கு இது பெரிய பொறுப்பு. நமக்குப் பிடித்த செயலி எது என்பதை அப்புறம் பார்க்கலாம். எதிரே இருப்பவர் வீட்டுக்குப் போய்த் தன் போனில் அதைச் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

"எது நல்ல செயலி?" என்று கேட்பவரிடம், "உங்களிடம் என்ன போன் இருக்கிறது?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். ஐபோனோ ஐபேடோ என்றால் தொடக்கத்துக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. 2011இல் ஐபேடுக்கு வந்த ஆப்பிளின் இசைச் செயலி கராஜ்பேண்ட், 2017 முதல் எல்லோருக்கும் இலவசம். டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார், குரல்பதிவு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அது ஆண்ட்ராய்டில் கிடையாது. அறையில் முக்கால்வாசிப் பேர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும்போது ஐபேடில் கராஜ்பேண்டைக் காட்டினால், பார்த்து ரசித்துவிட்டுப் போவார்களே தவிர ஒன்றும் செய்ய மாட்டார்கள். கலவையான கூட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஓடுகிற பேண்ட்லேப், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், கியூபேசிஸ், கோவாலா சாம்ப்ளர் போன்றவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பதே நியாயம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: ஐபோனில் காசு கொடுத்து வாங்கியது ஆண்ட்ராய்டுக்கு வராது. போனை மாற்றினால் மறுபடி வாங்க வேண்டும்.

அடுத்தது தாமதம். திரையைத் தொட்டதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் இடையிலான நேரம் இது. இசைச் செயலிகளில் மனம் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறவர்களில் பலர், தங்களுக்குத் தாள உணர்வே இல்லை என்று நினைத்துக்கொண்டு விடுகிறார்கள். பிரச்சினை விரலில் இருக்காது, கருவியில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். அமைதியான அறையில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கம்பியுள்ள ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். செயலியின் டிரம் பேடை (திரையில் தொட்டால் டிரம் ஒலிக்கும் கட்டம்) நகம் படும்படி தட்டுங்கள். நகம் கண்ணாடியில் படும் "டக்" திறந்திருக்கும் காதில் கேட்கும். டிரம் ஒலி மற்ற காதில் கேட்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கேட்டால் நல்லது. "டக்-டும்" என்று இரண்டாகப் பிரிந்து கேட்டால், அந்தப் போனில் அந்தச் செயலியை வைத்து நேரடியாக வாசிக்க முடியாது. திரையில் கட்டங்களை முன்கூட்டியே நிரப்பித் தாளம் அமைக்கலாம், அவ்வளவுதான்.

காற்றில் ஒலி 10 மில்லி விநாடியில் சுமார் 3.4 மீட்டர் போகிறது. அந்த அளவு தாமதம் என்றால், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்த ஸ்பீக்கரிலிருந்து கேட்பதுபோலத்தான், யாரையும் உறுத்தாது. ப்ளூடூத் ஹெட்போனில் 100 முதல் 200 மில்லி விநாடி வரை, சிலவற்றில் அதற்கு மேலும் தாமதம் வரும். அதை மாட்டிக்கொண்டு தாளத்தோடு வாசிப்பது நடக்காத காரியம். ஹெட்போன் துளை இல்லாத போன் என்றால் கம்பி அடாப்டரும் செயலியோடு சேர்ந்த செலவுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செயலியின் அமைப்புகளில் பஃபர் (ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு) என்று ஒன்று இருந்தால் அதையும் பாருங்கள். ஒலியை விநாடிக்கு 48,000 மாதிரிகளாக (சிறு அளவீடுகளாக) எடுக்கும்போது பஃபர் 256 மாதிரி என்றால் தாமதம் சுமார் 5 மில்லி விநாடி. 1024 என்றால் 21. வாசிக்கும்போதும் பதிவு செய்யும்போதும் குறைவாக வையுங்கள். ட்ராக்குகள் (ஒவ்வொரு கருவிக்குமான தனி ஒலி வரிசைகள்) ஏறிப்போய் ஒலி வெட்டி வெட்டி வந்தால், மிக்ஸிங்குக்கு, அதாவது எல்லாவற்றையும் கலந்து சமன்செய்யும்போது, அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டில் இந்த விஷயம் போனுக்குப் போன் மாறும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ஏஆடியோ என்ற புதிய ஒலி வழி சேர்ந்தது. அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. தொழில்முறை ஒலி வசதி உண்டு என்று ஒரு ஆண்ட்ராய்டு கருவி சொல்லிக்கொள்ள வேண்டுமானால், ஒலி உள்ளே போய் வெளியே வர ஆகும் நேரம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்பது கூகுளின் விதி. எல்லாப் போன்களும் அந்த அளவை எட்டுவதில்லை. ஆகவே உங்கள் போனில் சரியாக இருப்பதை வைத்து மற்றவர்களுக்கு உறுதி சொல்லாதீர்கள். நகத்தால் தட்டிப் பார்க்கும் அந்தச் சோதனையை அவரவர் போனில் செய்யச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் செயலியின் வயதையும் விசாரிக்க வேண்டும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் என்ற பழைய வகைச் செயலிகள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின. காசு கொடுத்து வாங்கிய அருமையான சிந்தசைசர்கள் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் செயலிகள்) அதில் போயின. அவற்றில் செய்து வைத்திருந்த பாடல்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. செயலிகளுக்கு இடையே ஒலியை அனுப்ப 2013இல் ஆப்பிள் கொடுத்த இன்டர்-ஆப் ஆடியோவை 2019இல் அந்த நிறுவனமே வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டது. இப்போது அந்த வேலையைச் செய்வது 2015இல் வந்த ஏயூவி3 (AUv3) என்ற முறை. ஐபேடுக்கு ஒரு சிந்தோ எஃபெக்டோ வாங்குவதாக இருந்தால், விவரப் பகுதியில் ஏயூவி3 என்று போட்டிருக்கிறதா, கடைசி அப்டேட் எப்போது வந்தது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பல ஆண்டுகளாகத் தொடப்படாத செயலி, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், வகுப்பில் பரிந்துரைக்கத் தகுந்தது இல்லை.

பணம் கட்டும் முறை மூன்று வகை: ஒரே தடவை வாங்குவது, இலவசமாக இறக்கி உள்ளே ஒவ்வொரு பூட்டாகத் திறப்பது, மாதச் சந்தா. 2023இல் ஐபேடுக்கு வந்த ஆப்பிளின் தொழில்முறை இசைச் செயலி லாஜிக் ப்ரோ சந்தாவில்தான் கிடைக்கிறது. தொடர்ந்து தொழில் செய்பவருக்குச் சந்தா சரிதான். கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சந்தாவை நிறுத்திய பிறகு நான் செய்த பாட்டு என்ன ஆகும்? திறக்குமா, திறந்தாலும் வெளியே எடுக்க முடியுமா? இதற்கு நேரான பதில் கிடைக்காத செயலியை மாணவர்களுக்கு நான் காட்டுவதில்லை.

பள்ளிகளுக்காக வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளுக்கான ஆப்பிளின் சேவையான ஆப்பிள் ஸ்கூல் மேனேஜர் வழியாக ஒரு வகுப்புக்கே செயலிகளை மொத்தமாக வாங்கலாம். ஆனால் செயலிக்கு உள்ளே வாங்கும் கூடுதல் வசதிகளை அப்படி வாங்க முடியாது. "இலவசமாக இறக்குங்கள், முழு வசதிக்கு உள்ளே கட்டுங்கள்" என்ற வகைச் செயலி, தனி ஆளுக்கு மலிவாக இருந்தாலும், முப்பது ஐபேடுகள் உள்ள வகுப்புக்குப் பயன்படாது. முழு விலையை முன்னாலேயே வாங்கிக்கொள்ளும் செயலிதான் அங்கே வசதி.

எல்லாவற்றையும் விட நான் கறாராக இருப்பது, பாட்டை வெளியே எடுக்கும் விஷயத்தில். வாங்கிய அன்றே எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். ஒரு டிரம், ஒரு பேஸ், ஒரு குரல் போதும். அதை வேவ் (WAV) என்ற ஒலிக் கோப்பாக எடுத்து வேறொரு கருவிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். பிறகு ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாக எடுக்க முடிகிறதா, சுரங்களை மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாக) எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கராஜ்பேண்டின் ஐபோன், ஐபேட் பதிப்பில் மிடியாக வெளியே எடுக்க நேரான வழி இல்லை. தாள அளவுகளும் அதில் 4/4, 3/4, 6/8 மட்டும்தான். ஐந்து, ஏழு என்று எண்ணி வாசிப்பவர் இதை முன்பே தெரிந்துகொள்வது அவசியம். இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் காட்டுகிறவர் இதை மறைக்கக் கூடாது. திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

லூப்கள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும்படி ஆயத்தமாகக் கிடைக்கும் ஒலித் துண்டுகள், அவற்றின் உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிள் தரும் லூப்களைச் சொந்தப் பாட்டில் வைத்து விற்கலாம். லூப்பை மட்டும் தனியாக எடுத்து விற்கக் கூடாது. அதே லூப்பை ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள் என்பதால், யூடியூபில் பதிப்புரிமையைக் கண்டறியும் முறையான கன்டென்ட் ஐடியில் "இது எனக்கு மட்டும் சொந்தம்" என்று பதிவு செய்ய முடியாது. இளைஞர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

சரி, காட்டுவதற்கு வருவோம். ஒலித் தொகுப்புகளை முந்தின நாளே இறக்கி வையுங்கள், அரங்கத்து வைஃபையை நம்ப வேண்டாம். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். பாதியில் அழைப்பு வந்தால் சில செயலிகளில் ஒலி நின்றுபோகும், திரும்பி வராது. திரையை வைஃபை வழியாக ப்ரொஜெக்டருக்கு அனுப்பினால் ஒலியும் கூடவே போய்த் தாமதமாக வரும். விரல் தட்டியபின் ஒலி வருவதைப் பார்க்கும் கூட்டம் செயலியைத்தான் குறை சொல்லும். படத்தையும் ஒலியையும் கம்பியிலேயே கொண்டுபோங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்புகளுக்குள் தொட்ட இடத்தைத் திரையில் காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் கடைசி வரிசைக்கும் எங்கே தொட்டீர்கள் என்று தெரியும்.

ஏற்கெனவே மெருகேற்றிய பாட்டைத் திறந்து ஓடவிடாதீர்கள். வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி, நான்கு பார் அமைத்து, வெளியே எடுத்து, ஒருவருக்கு அனுப்புவது வரை காட்டுங்கள். பூட்டுப் படம் போட்ட பொத்தான் வந்தால் அதையும் தொட்டுக் காட்டி, "இதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்" என்று சொல்லுங்கள். கூட்டமாக வாசிக்க வைக்க ஆசை இருந்தால் ஏபில்டன் லிங்க் உள்ள செயலிகளைப் பாருங்கள். 2016இல் வந்த இந்த வசதி, ஒரே வைஃபையில் உள்ள பல கருவிகளைத் தாளம் பிசகாமல் சேர்த்து ஓட்டும். அரங்கத்து வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாவிட்டால் ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டே போதும்.

புதியவர்கள் நிறைந்த அறைக்கு ஒரே ஒரு செயலி என்றால், இப்போதைக்கு நான் கோவாலாவைத்தான் எடுப்பேன். மேசையில் ஒரு தட்டு, பேனா மூடியின் "க்ளிக்", ஒருவர் சொல்லும் "ஹேய்". மூன்றையும் மைக்கில் பதிந்து மூன்று பேடில் வைத்தால் அங்கேயே ஒரு தாளம் பிறந்துவிடும். அவர்கள் குரலே அதில் கேட்பதால் அடுத்து நடப்பதைக் கவனிப்பார்கள். இணையம் தேவையில்லை, ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும், மாதச் சந்தா கிடையாது. சில மேல்நிலை வசதிகளுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அவற்றைத் தொடாமலே முதல் பாட்டை முடித்து வெளியே எடுத்துக் காட்டுங்கள்.