பனிச்சறுக்கில் கோல் எதற்கு, எவ்வளவு நீளம்?

2006 பிப்ரவரி. டுரின் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் பனிச்சறுக்கு டீம் ஸ்பிரின்ட் இறுதிப் பந்தயம். முன்வரிசையில் போய்க்கொண்டிருந்த கனடாவின் சாரா ரென்னர் கையிலிருந்த கோல் சட்டென்று முறிந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கோலை ஊன்றி அவர் திணற, பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பாதையோரம் நின்றிருந்த நார்வே பயிற்சியாளர் பியோர்னர் ஹோகென்ஸ்மோன் தன்னிடமிருந்த கோலை நீட்டினார். அது ரென்னருடையதைவிட நீளம். இருந்தாலும் அதை வைத்தே விட்ட தூரத்தை அவர் பிடித்துவிட்டார். கனடாவுக்கு வெள்ளி, கோல் கொடுத்த நார்வேக்கு நான்காம் இடம். கனடா மக்கள் அந்தப் பயிற்சியாளருக்கு டன் கணக்கில் மேப்பிள் பாகு அனுப்பி வைத்தார்கள்.

கோல் போனால் எல்லாம் போச்சு என்றுதான் இதைப் படித்ததும் தோன்றும். ஆனால் குளிர்கால பாராலிம்பிக்கின் மலைச்சரிவுப் போட்டிகளைப் பாருங்கள். இரண்டு கைகளிலும் குறைபாடுள்ள வீரர்களுக்கு எல்டபிள்யூ 5/7 என்று ஒரு பிரிவு இருக்கிறது. கோலே இல்லாமல், அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில்லிலும், கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலமிலும் பாய்ந்து இறங்குகிறார்கள். ஸ்கீ ஜம்பிங்கில் யாருமே கோல் பிடிப்பதில்லை.

வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு எல்லாம் பனிச்சறுக்குதான். உண்மையில் இவை இரண்டு வேறு விளையாட்டுகள். ரென்னர் ஓடியது கிராஸ்-கன்ட்ரி. அங்கே சமதளத்திலும் ஏற்றத்திலும் உடம்புதான் எஞ்சின், அந்த எஞ்சினில் பாதி கைகளில் இருக்கிறது. ஆல்பைன் என்கிற மலைச்சரிவுச் சறுக்கில் இழுப்பது புவியீர்ப்பு. அதற்குக் கோலின் உதவி தேவையில்லை.

திரும்புவதற்குமா தேவையில்லை? தேவையில்லை. ஆல்பைன் பலகையின் இரு முனைகளும் அகலமாக, இடுப்பு ஒடுங்கி இருக்கும். முழங்காலையும் கணுக்காலையும் சாய்த்தால் பலகையின் உலோக விளிம்பு பனியைக் கடிக்கும். உங்கள் எடையில் பலகை வில்லாக வளையும். அந்த வளைவிலேயே உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். அதனால்தான் ஆல்ப்ஸ் மலைப் பயிற்சிப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோல் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதன்மேல் சாய்ந்து நிற்கப் பழகிவிடும், கால் வேலை செய்யாது. காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் அவுலிக்கோ சறுக்க முதன்முறை போகும் பெரியவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதல் சில மணி நேரம் கோலை ஓரமாக வைத்துவிடுங்கள்.

பிறகு தேர்ந்தவர்கள் ஏன் பிடிக்கிறார்கள்? லிஃப்ட் வரிசையில் நகர, விழுந்தால் எழ, பந்தயத்தில் தொடக்க வாசலிலிருந்து உந்திக் கிளம்ப என்பதெல்லாம் உண்டு. அவை சில்லறை வேலைகள். சுவாரசியமான வேலை திருப்பத்தின் நடுவில் நடக்கிறது.

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படாமல் கால்களை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடுப்புக்கு மேலே உடம்பு இடப்பக்கம் போகும். வெளியிலிருந்து பிடிமானம் கிடைக்காதவரை உடம்பின் மொத்தக் கோண உந்தம் மாறாது. ஒரு பாதி ஒருபுறம் திரும்பினால் மறுபாதி எதிர்ப்புறம் திரும்பியே ஆக வேண்டும். செங்குத்துச் சரிவில் அடுத்தடுத்துக் குறுந்திருப்பம் போடுபவருக்கும் இதே சிக்கல்தான். ஒரு திருப்பம் முடிந்து அடுத்தது தொடங்கும் கணத்தில் பலகைகள் பனியை ஏறக்குறைய விட்டுவிடுகின்றன. சரியாக அந்தக் கணத்தில் சரிவின் கீழ்ப்பக்கம் கோலை அழுத்தி ஊன்றினால் வெளியிலிருந்து ஒரு முறுக்குவிசை கிடைக்கிறது. மார்பு பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே நிற்க, கால்கள் மட்டும் அடியில் திரும்பிக்கொள்கின்றன.

மிதமான சரிவில் இந்த அழுத்தம்கூட வேண்டாம்; தேர்ந்தவர் கோலால் பனியைத் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார். தாங்காத கோலால் என்ன லாபம்? 1994இல் ஜெகா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை வைத்து நிற்பவர்கள், விரல் நுனியால் ஒரு பரப்பைத் தொட வேண்டும். விசை 1 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட 100 கிராம் எடையின் அழுத்தம், அவ்வளவே. உடம்பைத் தாங்க அது எந்த மூலைக்கு? ஆனாலும் ஆட்டம் கணிசமாகக் குறைந்தது. விரல் கொடுத்தது தாங்கல் இல்லை, தகவல். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

கோல் நுனியும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். மேகம் மூடிய நாளில் பனிமேல் நிழலே விழாது. மேடு பள்ளம் எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகிவிடும். அப்போது கோலை உரசிக்கொண்டே இறங்கும் அனுபவசாலிகளைப் பார்க்கலாம்.

கோல் ஒன்றா, இரண்டா என்பதில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் 1905இல் முதல் ஸ்லாலம் பந்தயம் நடத்திய மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நீண்ட ஒற்றைக் கோல்தான் சரி என்றார். ராணுவ அதிகாரி ஜார்ஜ் பில்கெரி இரட்டைக் கோல் கட்சி. ஜெயித்தது பில்கெரி கட்சி. 1958இல் அமெரிக்காவின் சன் வேலியில் எட் ஸ்காட் நுனி நோக்கி மெலியும் அலுமினியக் கோலைச் செய்தார். தொட்டு எடுப்பதுதான் வேலை என்றால் நுனி கனக்கக் கூடாது; அந்த வடிவம் அதனால்தான் நிலைத்தது.

இனி நீளம். ஆல்பைனுக்கு வாடகைக் கடைகளில் பார்க்கும் முறை எளிது. பூட்ஸ் போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். கோலைத் தலைகீழாக்கி, கைப்பிடியைத் தரையில் ஊன்றி, பேஸ்கெட் எனப்படும் பிளாஸ்டிக் வட்டுக்கு அந்தப்புறம், கூர்முனைப் பகுதியைப் பிடியுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடிந்தால் சரியான நீளம். ஏன் தலைகீழ்? பனியில் கூர்முனை முழுக்க இறங்கிவிடும், வட்டுதான் மேலே தங்கும். கடைத் தரையில் முனை இறங்காதே! நேராக நிறுத்திப் பார்த்தால் அந்தச் சில சென்டிமீட்டர் கணக்கில் சேர்ந்து ஏமாற்றும். பலகையும், பூட்ஸை அதோடு பிணைக்கும் பைண்டிங்கும் உங்களை இன்னும் கொஞ்சம் உயர்த்துமே என்று கேட்டால், சறுக்கும்போது முழங்கால் மடித்தே நிற்பீர்கள். ஏறியதும் இறங்கியதும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும்.

கணக்காக வேண்டுமானால் உயரத்தை 0.7ஆல் பெருக்குங்கள். 170 செ.மீ. ஆளுக்கு 119, கோல்கள் பெரும்பாலும் 5 செ.மீ. இடைவெளியில் வருவதால் 120. இரண்டு அளவுக்கு நடுவே மாட்டினால் நான் குட்டையைத்தான் எடுக்கச் சொல்வேன். நீளம் கூடினால் ஊன்றும்போதெல்லாம் கை மேலே எகிறி, தோள் பின்னால் தள்ளப்பட்டு, எடை குதிகாலுக்குப் போகும். பலகையின் முன்பகுதி பனியைக் கடிக்காது. ரொம்பக் குட்டையானாலும் கஷ்டம்தான், தொடுவதற்காக இடுப்பை வளைக்க வேண்டிவரும். மோகுல் மேடுகளில் குதிப்பவர்களுக்கு மேடே கோலை நோக்கி எழும்பி வருவதால் வழக்கத்தைவிடக் குட்டையாக வைத்துக்கொள்கிறார்கள்.

கைப்பிடியிலிருந்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கைவார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோலைப் பிடித்தபடி கையூன்றி விழுந்தால் கைப்பிடி கட்டைவிரலை வெளிப்புறம் நெம்பி, அடிமூட்டின் தசைநாரைக் கிழித்துவிடும். மருத்துவர்கள் இதைச் 'ஸ்கீயர்ஸ் தம்ப்' என்றே அழைக்கிறார்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கோலை விட்டுவிடுங்கள். மரங்களுக்கிடையிலும் பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களிலும் வாரை மாட்டாமலே போவது நல்லது.

கிராஸ்-கன்ட்ரியில் கணக்கே வேறு. கோல் பனியோடு 80 டிகிரியில் நிற்கும்போது அதன் வழியே நீங்கள் கொடுக்கும் விசையில் சுமார் 17 சதவீதம்தான் முன்னோக்கித் தள்ளுகிறது. உடம்பு முன்னால் போகப் போகக் கோல் சாய்கிறது. 60 டிகிரியில் பாதி, 30 டிகிரியில் 87 சதவீதம். கடைசி நொடித்துணுக்கில்தான் லாபம் அதிகம், அந்த நேரத்தில் கையோ ஏறக்குறைய நீண்டு முடிந்திருக்கும். நீளமான கோலானால் தள்ளல் இன்னும் பின்னால்வரை நீள்கிறது. பதிலுக்கு ஒவ்வொரு தள்ளலுக்கும் கையை உயரத் தூக்க வேண்டும்.

தோள்வலு கூடக்கூட வீரர்கள் இந்தப் பேரத்தில் நீளத்தின் பக்கமே சாய்ந்தார்கள். சுவீடனின் 90 கி.மீ. வாசாலோப்பெட் பந்தயத்தில் முன்னணி வீரர்கள் காலால் உதைப்பதையே கைவிட்டு, தொடக்கம் முதல் முடிவுவரை இரு கோல்களையும் சேர்த்து ஊன்றியே போகத் தொடங்கினார்கள். மாறி மாறிக் கால் உதைக்கும் பழைய கிளாசிக் பாணி அழிந்துவிடுமோ என்று சர்வதேச ஸ்கீ கூட்டமைப்புக்குக் கவலை வந்துவிட்டது. 2016-17 பருவத்திலிருந்து கிளாசிக் பந்தயங்களில் கோல் நீளம் உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டார்கள். நம் 170 செ.மீ. ஆளுக்கு அது 141 செ.மீ. பலகைகளை வி வடிவில் விரித்துத் தள்ளும் ஸ்கேட்டிங் பாணியில் 90 சதவீதம், அதாவது 153 செ.மீ. வரை பிடிப்பது சகஜம். அங்கே காலை விட்டுவிட்டுக் கையால் மட்டும் ஜெயிக்க முடியாது என்பதால் அந்த 83 சதவீதக் கெடுபிடி இல்லை.