பிரிட்டனில் விசா முடிந்தும் தங்கிவிட்டுத் திரும்பியவர்கள் மீண்டும் படிக்கப் போகலாமா?

பிரிட்டனில் மாணவராக இருந்து, விசா முடிந்த பின்னும் சில வாரங்களோ பல மாதங்களோ தங்கிவிட்டு ஊர் திரும்பியவர்கள், என்னைப் பார்க்க வரும்போது பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருகிறார்கள். "இனி அந்த நாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது" என்பது சிலருடைய முடிவு. "புது பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், பழையதைக் காட்டாமல் விண்ணப்பித்துவிடலாம்" என்பது வேறு சிலருடைய முடிவு. இரண்டுமே தவறு. முதல் முடிவால் ஒரு படிப்பு வீணாகிறது. இரண்டாவது முடிவால் பத்து ஆண்டுகள் வீணாகின்றன.

தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படிக்கப் போனவர்களின் குடியேற்ற வழக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஓவர்ஸ்டே, அதாவது விசா முடிந்தும் தங்குவது, என்ற சொல்லைக் கேட்டதுமே குடும்பம் முழுவதும் நடுங்கிப்போகிறது. அந்த நடுக்கத்தில் உண்மையை மறைக்கும் யோசனைதான் முதலில் வருகிறது. விதி என்ன சொல்கிறது என்று பொறுமையாகப் படித்துப் பார்த்தால், அது நாம் பயப்படும் இடத்தில் அவ்வளவு கடுமையாக இல்லை என்பதும், நாம் அலட்சியப்படுத்தும் இடத்தில் மிகக் கடுமையாக இருக்கிறது என்பதும் தெரியும்.

பிரிட்டனின் குடியேற்ற விதிகளில் ஒரு பகுதி, விசாவை மறுப்பதற்கான காரணங்களைச் சொல்கிறது. 2025 நவம்பர் வரை ஒன்பதாம் பகுதியில் 9.8 என்ற எண்ணில் இருந்த பிரிவுதான் நமக்கு வேண்டியது; இப்போது அது Suitability என்ற பகுதியில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பின் காலக்கெடுவை மீறித் தங்கிய ஒருவர், தடைக்காலம் முடிவதற்குள் மீண்டும் விண்ணப்பித்தால் விசாவை மறுத்தே தீரவேண்டும் என்கிறது அது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு. 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய மீறல், 30 நாட்களுக்கு மேற்படாமல் இருந்து, அந்த நபர் தானாகவே, அரசின் செலவில் அல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தால் தடை கிடையாது. அதற்கு முந்தைய மீறல்களுக்கு இந்த வரம்பு 90 நாட்களாக இருந்தது. "மூன்று மாதம் வரை ஒன்றும் ஆகாது" என்று இன்றும் அறை நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அந்தப் பழைய கணக்கைத்தான். அதை நம்பி ஐம்பதாவது நாள் விமானம் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

30 நாட்களைத் தாண்டிவிட்டால் என்ன? சொந்தச் செலவில் தாமாகவே திரும்பியவர்களுக்கு, வெளியேறிய நாளிலிருந்து 12 மாதத் தடை. நாற்பது நாள் தங்கினாலும் இரண்டு ஆண்டு தங்கினாலும் இந்தத் தடைக்காலம் ஒன்றுதான். பலரும் இதை நம்பவே மறுக்கிறார்கள். ஆனால் அரசின் செலவில் டிக்கெட் பெற்றுத் திரும்பினால் கணக்கு மாறிவிடுகிறது. வெளியேற்றப்படக்கூடியவர் என்ற அறிவிப்பு கிடைத்தோ மேல்முறையீடு முடிந்தோ, இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் அப்படித் திரும்பினால் 2 ஆண்டு, அதற்குப் பிறகென்றால் 5 ஆண்டு. பிடித்து அனுப்பப்பட்டவர்களுக்கு 10 ஆண்டு.

தாமாக ஊர் திரும்ப விரும்புபவர்களுக்கு அந்த நாட்டு உள்துறை ஓர் உதவித் திட்டம் நடத்துகிறது. டிக்கெட் எடுத்துத் தருவார்கள். தகுதியுள்ள சிலருக்கு அதிகபட்சம் 3,000 பவுண்டு வரை பணமும் உண்டு. கையில் காசில்லாமல், உடல்நலம் கெட்டு, வேறு போக்கிடமே இல்லாதவர்களுக்கு அது நல்ல திட்டம்தான். ஆனால் மீண்டும் அங்கே படிக்கப் போகும் எண்ணம் உள்ள இளைஞர், ஊரில் அப்பா கடன் வாங்கியாவது டிக்கெட் போட்டுத் தர முடியும் என்ற நிலையில், இந்தத் திட்டத்தில் சேர்வது பெரும் இழப்பு. ஒரு விமான டிக்கெட்டின் விலையை மிச்சப்படுத்த, 12 மாதத்தில் முடியவேண்டிய தடையை 2 ஆண்டாகவோ 5 ஆண்டாகவோ நீட்டிக்கொள்கிறார். டிக்கெட் வாங்கிய ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதும் இதனால்தான். பிரிட்டனை விட்டுப் புறப்படும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கம் கிடையாது. விமான நிறுவனங்கள் தரும் பயணிகள் விவரத்தை வைத்தே, யார் எப்போது வெளியேறினார்கள் என்று அரசு அறிகிறது. முத்திரை இல்லை, ஆகவே யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மறுபக்கம், நீங்கள் சரியான நாளில் வெளியேறியதை நிரூபிக்க உங்கள் கையில் இருக்கப்போவது போர்டிங் பாஸும் சென்னையிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கியபோது குத்தப்பட்ட வருகை முத்திரையும்தான்.

எத்தனை நாள் ஓவர்ஸ்டே என்று எண்ணுவதற்கு முன், விசா எந்த நாளில் முடிந்தது என்பது சரியாகத் தெரியவேண்டும். பலருக்கு அதுவே தெரிவதில்லை. பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதி அட்டை புழக்கத்தில் இருந்தபோது, விசா 2025இலோ 2026இலோ முடிவதாக இருந்தாலும் அட்டையில் மட்டும் 2024 டிசம்பர் 31 என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். இப்போது எல்லாமே ஈ-விசா. உண்மையான தேதி இணையக் கணக்கில் மட்டுமே இருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல், படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு வருவது. மாணவர் விலகினாலோ கட்டணம் கட்டாததால் நீக்கப்பட்டாலோ பல்கலைக்கழகம் அதைப் பத்து வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். அதன்பின் வழக்கமாக விசாவை 60 நாட்களாகச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அந்த அஞ்சல் பல்கலைக்கழக முகவரிக்குப் போயிருக்கும், மாணவரோ அந்தக் கணக்கையே திறக்க முடியாத நிலையில் இருப்பார். "என் விசா அடுத்த வருடம் வரை இருக்கிறது" என்று நம்பிக்கொண்டே அவர் ஓவர்ஸ்டே ஆகிவிடுகிறார்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கோ வேறு விசாவுக்கோ விண்ணப்பித்திருந்தால், 1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவின்படி முடிவு வரும்வரை பழைய அனுமதி தானாக நீள்கிறது. அந்த மாதங்களையும் ஓவர்ஸ்டே என்று எண்ணிக்கொண்டு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியவர்கள் உண்டு. ஆகவே யாராக இருந்தாலும் முதலில் உங்கள் கோப்பை உள்துறையிடமே கேட்டு வாங்குங்கள். தன்னைப் பற்றிய தகவல்களைத் தரும்படி யாரும் கேட்கலாம், கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். எந்த நாளில் விசா சுருக்கப்பட்டது, எந்த முகவரிக்குக் கடிதம் போனது, அதிகாரிகள் என்ன குறித்துவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அந்தக் கோப்பைப் படிக்காமல் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதவேண்டாம்.

இனி நான் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். விசா விண்ணப்பத்தில், அனுமதித்த காலத்தைத் தாண்டி எப்போதாவது தங்கினீர்களா என்ற கேள்வி நேரடியாகவே வரும். திருச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு ஓவர்ஸ்டே மூன்று வாரத்துக்கும் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சொந்தச் செலவில் திரும்பியிருந்தார். மேலே சொன்ன விதிப்படி அவருக்குத் தடையே கிடையாது. "ஆம்" என்று குறித்து, அதற்கான காரணத்தை நான்கு வரியில் எழுதியிருந்தால் போதும். அவருடைய ஏஜென்ட் "இல்லை" என்று குறித்துவிட்டார். உள்துறையின் பதிவில் எல்லாம் இருந்தது. விசா மறுக்கப்பட்டது. பொய் சொல்லி ஏமாற்ற முயன்றார் என்ற காரணத்தால் 10 ஆண்டுத் தடையும் வந்தது. இல்லாத தடைக்குப் பயந்து, இருப்பதிலேயே பெரிய தடையை வாங்கிக்கொண்டார்.

மறுப்புக் கடிதம் வந்த 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உள்துறையினுடையது. கவனக்குறைவால் நேர்ந்த பிழை வேறு, தெரிந்தே சொன்ன பொய் வேறு என்பதை அந்நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இவருடைய வாட்ஸ்அப் உரையாடலைப் படித்தபோது எனக்கு வழி அடைபட்டுப்போனது. "அண்ணா, அந்தக் கேள்விக்கு ஆம் போடவேண்டாமா?" என்று இவரே கேட்டிருக்கிறார். "அதெல்லாம் வேண்டாம் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன் என்றவர் அடுத்த மாணவரைப் பார்க்கப் போய்விட்டார். விண்ணப்பத்தில் உள்ள உறுதிமொழி உங்களுடையது, ஏஜென்ட்டினுடையது அல்ல. தடையும் உங்கள் பெயரில்தான் விழும். படிவத்தை நீங்களே நிரப்புங்கள். இல்லையென்றால், கட்டணம் செலுத்துவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கிப் படியுங்கள்.

புது பாஸ்போர்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைரேகை முதல் விசாவின்போதே பதிவாகிவிட்டது. பாஸ்போர்ட் எண் மாறினாலும் கைரேகை மாறாது.

தடைக்காலம் முடிந்தபின் விண்ணப்பிப்பவர்களுக்கு நாட்காட்டிதான் முக்கியம். 12 மாதம் என்பது வெளியேறிய நாளிலிருந்து விண்ணப்ப நாள் வரை எண்ணப்படுவது. வகுப்பு தொடங்கும் நாள் இந்தக் கணக்கில் வராது. இணையத்தில் கட்டணம் செலுத்திய நாள்தான் விண்ணப்ப நாள். எடுத்துக்காட்டாக, ஒருவர் அக்டோபர் இறுதியில் வெளியேறினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செப்டம்பர் வகுப்பில் சேரவே முடியாது. அதற்கடுத்த ஜனவரி வகுப்புக்கு, நவம்பரில் விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் இடம் கைநழுவிப் போகிறதே என்ற அவசரத்தில் ஆகஸ்டில் விண்ணப்பித்தால் மறுப்பு நிச்சயம். கூடவே, உங்கள் வரலாற்றில் ஒரு மறுப்பும் சேர்ந்துவிடும்.

தடை முடிந்ததும் விசா தானாகக் கிடைத்துவிடும் என்றும் பொருள் இல்லை. முன்பு தலைமறைவாக இருந்தது, வேறு பெயரைப் பயன்படுத்தியது, காலம் கடத்துவதற்காகவே விண்ணப்பங்கள் போட்டது போன்றவை இருந்தால் அதன்பிறகும் மறுக்க அதிகாரிக்கு இடமுண்டு. உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறீர்களா என்பதையும் பார்ப்பார்கள். ஆனால் என் அனுபவத்தில், பலர் அதிகாரியிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழக வாசலில் நின்றுவிடுகிறார்கள். விசாவுக்குத் தேவையான காஸ் எண்ணை, அதாவது படிப்பில் இடம் தந்திருப்பதை உறுதிசெய்யும் எண்ணை, பல்கலைக்கழகம்தான் தரவேண்டும். தான் காஸ் கொடுத்தவர்களில் விசா மறுக்கப்படுவோரின் விகிதம் கட்டுக்குள் இருந்தால்தான் பல்கலைக்கழகத்தின் உரிமம் நிலைக்கும். 10 சதவீதமாக இருந்த இந்த வரம்பை 5 சதவீதமாகக் குறைக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. ஆகவே பழைய ஓவர்ஸ்டே உள்ள மாணவரைக் கண்டால் சேர்க்கை அலுவலர் தயங்குவது இயல்பு. அவரிடமும் மறைக்காதீர்கள். தடை எந்த நாளில் முடிந்தது என்பதை விதி எண்ணோடும் ஆதாரத்தோடும் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்தால், தயங்கியவர்கள் சம்மதித்ததை நான் கண்டிருக்கிறேன்.

கடிதத்தில் என்ன எழுதுவது? தேதிகளை முதலில் எழுதுங்கள். எப்போது விசா முடிந்தது, எப்போது வெளியேறினீர்கள், டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுத்தது. பிறகு காரணம். காரணம் நோய் என்றால் மருத்துவமனை ஆவணம், வீட்டில் மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ், மனச்சோர்வு என்றால் அன்று பார்த்த மருத்துவரின் குறிப்பு. வேலைசெய்து கடனை அடைக்கத் தங்கினீர்கள் என்றால் அதையும் உள்ளபடியே எழுதவேண்டியதுதான். வரித்துறையின் பதிவும் உள்துறையின் பதிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நான்கு பக்கத்துக்கு மன்னிப்பு கேட்பதால் பயன் இல்லை. அந்த இடத்தில், இப்போது எடுக்கும் படிப்பு முந்தைய படிப்போடு எப்படிச் சேர்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, முன்பு இருந்த நெருக்கடி இப்போது ஏன் இல்லை என்பதை விளக்குங்கள்.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. விசா முடிந்ததும், விசாவோடு சேர்த்துக் கட்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம் தந்த பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தால் பில் வந்திருக்கும். 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால், அதைக் காரணம் காட்டியே விசாவை மறுக்கலாம். விண்ணப்பத்துக்கு முன் கட்டிவிட்டு ரசீதை இணையுங்கள்.

பிரிட்டன் வேண்டாம், கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விடலாம் என்பவர்கள் கவனிக்க: இந்த நாடுகள் அமெரிக்காவையும் நியூசிலாந்தையும் சேர்த்துக்கொண்டு கைரேகைத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. கனடாவில் உண்மையை மறைத்ததாக முடிவானால் 5 ஆண்டுத் தடை. அமெரிக்காவில் விசாவுக்காகத் தெரிந்தே சொன்ன பொய்க்கு, விலக்கு கிடைத்தாலன்றி வாழ்நாள் தடை.

இன்னும் அங்கேயே இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: விசா முடிந்து 14 நாட்களுக்குள் இருந்து, உங்கள் கையை மீறிய தக்க காரணமும் அதற்கு ஆதாரமும் இருந்தால், அங்கிருந்தபடியே விண்ணப்பிக்க குடியேற்ற விதிகளில் ஒரு வாய்ப்பு உண்டு. அது கடந்துவிட்டாலும், 30 நாள் தாண்டாமல் சொந்த டிக்கெட்டில் புறப்பட்டால் தடை இல்லை. நாளை எண்ணிப் பார்த்து இன்றே முடிவெடுங்கள். ஆலோசனை வேண்டுமென்றால் வழக்கறிஞரிடமோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலோசகரிடமோ மட்டும் போங்கள். பதிவு இல்லாமல் அங்கே குடியேற்ற ஆலோசனை வழங்குவது குற்றம். ஆலோசகரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.