தலைமடையில் நடுங்கும் நெல்

வடக்கு மாசிடோனியாவின் கிழக்குப் பகுதியில், பிரெகால்னிட்சா ஆற்றையொட்டி செஷினோவோ என்றொரு சிற்றூர். ஊரைச் சுற்றி வரப்பு, வாய்க்கால், நெல். கம்பங்களின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும். பசித்தால் வயலில் இறங்கித் தவளை பிடிக்கும். படத்தை மட்டும் பார்த்தால் எந்த நாடு என்று ஒரு நிமிடம் குழம்பிவிடுவோம்.

ஆனால் இந்த ஊர் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 42 பாகை வடக்கே. குளிர்காலத்தில் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வடக்கே ஒசோகோவோ மலை, தெற்கே பிளாச்கோவிட்சா மலை. நடுவே கிடக்கும் இந்தக் கோச்சனி சமவெளியில் ஆண்டுக்கு 500 மி.மீ. சொச்சம் மழை பெய்தால் பெரிது. வானத்தை நம்பி நெல் போட வழியே இல்லை. இருந்தும் ஒட்டோமான் துருக்கியர் காலத்திலிருந்து இங்கே நெல்தான். அரிசிக்கு மாசிடோனியர் சொல்லும் பெயர் ‘ஒரிஸ்’. நம் ‘அரிசி’தான் அது என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆசைதான், ஆனால் அதற்கு மூலமான கிரேக்க ‘ஒரிஸா’ ஈரானிய மொழி ஒன்றின் வழியாக வந்திருக்கும் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து.

சரி, வெப்பப் பயிரான நெல் அங்கே எப்படிப் பிழைக்கிறது?

முதல் காரணம் வயலில் தேங்கும் தண்ணீர். நெல்லுக்குத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். குளிர்ந்த ஊரில் அது போர்வையும்கூட. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி வேண்டும். காய்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதனால் தண்ணீர் மெல்லச் சூடாகி, மெல்ல ஆறும். 10 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டரில் 100 லிட்டர். அது இரவில் 5 டிகிரி ஆறினால் 500 கிலோகலோரி வெப்பம் வெளியே வரும். 1000 வாட் ஹீட்டர் ஒன்றை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டது போல. ஒவ்வொரு சதுர மீட்டரிலும்!

இந்தப் போர்வை எல்லா நாளும் ஒரே அளவு முக்கியமில்லை. கதிர் வெளியே தலைகாட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, இளங்கதிர் தண்டுக்குள்ளே திரண்டு பயிர் பொதி கட்டியிருக்கும்போது, மகரந்தம் உருவாகிறது. அப்போது சில இரவுகள் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் கெட்டுப்போகும். பயிர் பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். அறுத்தால் பாதி பதர். குளிர்ப் பகுதிகளில் நெல் போடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அந்த நாட்களில் மட்டும் 20 செ.மீ. வரை தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். தண்டுக்குள் ஒளிந்திருக்கும் இளங்கதிர் தண்ணீரின் கதகதப்பிலேயே இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. தலைமடைக்காரருக்கு யோகம், கடைமடைக்காரருக்குக் கண்ணீர் என்பது நமக்குப் பழகிய கதை. ஆற்று நீரோ அணையின் அடி நீரோ குளிர்ந்து வரும் இடங்களில் அது தலைகீழ். மடைவாய்க்குப் பக்கத்தில் நிற்கும் பயிர்தான் குளிரை முதலில் வாங்குகிறது. வளர்ச்சி பிந்தி, பதரும் அங்கேதான் கூடும். தண்ணீர் வெயிலில் காய்ந்தபடி நகர்ந்து வயலின் மறுகோடியை அடைவதற்குள் சூடேறிவிடும். அதனால்தான் சில நாடுகளில் தண்ணீரை வேண்டுமென்றே சுற்றிவளைத்து, அகலமான ஆழமில்லாத வாய்க்கால் வழியே கொண்டுவருகிறார்கள். பிரெகால்னிட்சாவின் மேற்பகுதியில் 1969இல் கட்டி முடித்த கலிமன்ட்சி அணையிலிருந்துதான் இந்தச் சமவெளிக்குப் பாசனம்.

இரண்டாவது காரணம், போடும் ரகம். இங்கே சிக்கல் பகலின் நீளம். ஜூன் மாதத்தில் அங்கே பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். நம் பழைய சம்பா ரகங்களில் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். அவற்றைக் கொண்டுபோய் அங்கே விதைத்தால் கோடை முழுக்க இலையாக வளர்த்துவிட்டு, இலையுதிர்காலத்தில் பூக்கப் பார்த்து, குளிரில் மாட்டிக்கொள்ளும். அங்கே போடுவதோ குட்டையான, தடித்த அரிசி தரும் ஜப்போனிகா வகை. மோன்டிசெல்லி, சான் ஆந்த்ரியா போன்ற இத்தாலிய ரகங்கள் அங்கே பெயர் பெற்றவை. இவ்வகை வடக்கத்தி நெல்லில், பகல் நீண்டால் பூப்பைத் தள்ளிப்போடும் மரபணுக்கள் பலமிழந்தவை. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ விதை, செப்டம்பர் முதல் அறுவடை. ஆண்டுக்கு ஒரே போகம்.

தேங்கும் தண்ணீர் மண்ணின் வேதியியலையும் மாற்றுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன சேற்றில் காட்மியம் போன்ற நச்சு உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அறுவடைக்காக வடித்தால் காற்று புகும். காட்மியம் கரைந்து வேருக்குப் போகும். இது வெறும் பாடப்புத்தக விஷயமில்லை. சமவெளியின் மேற்குப் பக்கம், ஸ்லெட்டோவோ ஈய–துத்தநாகச் சுரங்கப் பகுதியிலிருந்து வரும் ஆறு பாய்ந்த வயல் மண்ணில் ஈயம், துத்தநாகம், காட்மியம் மூன்றும் அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அரிசியைப் பற்றிப் பெருமை பேசும்போது பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அறுத்த நெல்லில் ஈரம் 20 சதவீதத்தையும் தாண்டும். 14 சதவீதத்துக்கு இறக்கினால்தான் சேமிக்கலாம். இலையுதிர்கால வெயிலில் களத்தில் கொட்டிக் காயவைப்பது நிச்சயமில்லாத வேலை. ஆனால் அந்தச் சமவெளிக்கு அடியில் வெந்நீர் இருக்கிறது. போட்லோக் கிராமத்துக் கிணறுகளில் கிட்டத்தட்ட 78 டிகிரி சூட்டில் மேலே வரும். பசுமைக் குடில்களுக்குக் கதகதப்பு தரும் அதே நீரைக் குழாய்களில் ஓடவிட்டுக் காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றால் நெல்லையும் உலர்த்தியிருக்கிறார்கள். மிதமான சூடுதான் வேண்டும். அவசரப்பட்டு அனலாக ஊதினால் அரிசியின் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மணி விரிசல் விடும். ஆலையில் அரைக்கும்போது பாதி நொய்யாகிவிடும்.