தண்ணி அமைதியாத்தான் சார் இருந்துச்சு

காரைக்குடில டாக்டரா உக்காந்து பதினாறு வருஷம் ஆச்சு. தண்ணில மாட்டி வர்றவங்க கூட வர்ற சொந்தக்காரங்க முக்காவாசிப் பேரு எங்கிட்ட சொல்ற மொத வார்த்தை மேல தலைப்புல இருக்கிறதுதான். அலை அடிச்சுச்சு, வெள்ளம் வந்துச்சுன்னு சொன்னவங்கள விரல் விட்டு எண்ணிரலாம்.

நானும் ஏழு வருஷமா லீவு நாள்ல கயாக், அதாவது ஒருத்தர் ரெண்டு பேர் உக்காந்து துடுப்பு போடுற சின்னப் படகு, ஓட்டுறவன்தான், நண்பர் ஒருத்தரோட சின்ன பாய்மரப் படகுலயும் போறதுண்டு, அதனால "தண்ணிப் பக்கமே போகாதீங்க"ன்னு பயமுறுத்த வரல. அத எங்க அப்பத்தாவே பாத்துக்குவாக. "பூம்புகார கடல் கொண்டுக்கிட்டுப் போச்சுன்னுதானே இங்கன வந்து மேட்டுல வீட்டக் கட்டுனோம், நீ எதுக்குடா திரும்பவும் தண்ணிக்குள்ள போற"ம்பாக. ஐயா பர்மாவுக்குக் கப்பலேறுனத மட்டும் வசதியா மறந்துருவாக.

நம்ம பக்கம் ரெண்டு தண்ணி. ஒண்ணு கண்மாய், இன்னொண்ணு தேவகோட்டை தாண்டி தொண்டிப் பக்கம் போனா வர்ற பாக் விரிகுடாக் கடல். அதுக்குத் தெற்க காரங்காட்டுல வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள்ள கயாக் விடுறாங்க, புதுசா பழகுறவங்க அங்க போறது நல்லது, லைஃப் ஜாக்கெட் குடுத்து கூடவே ஆளும் வருவாங்க. எனக்குக் கவலை எல்லாம் ஆன்லைன்ல காத்தடைக்கிற கயாக் வாங்கி டிக்கில போட்டுக்கிட்டு நேரா கடலுக்குப் போறவங்களப் பத்திதான்.

ஒரு ஜூலை மாசம் அப்படி மூணு பசங்க வந்தாங்க. உதடெல்லாம் வெடிச்சு, ரெண்டு கையும் துடுப்பு போட்டுப் போட்டு கொப்புளமாகி, ஒருத்தனுக்கு நாலு மணி நேரமா மூத்திரமே போகல. நடந்தது இதுதான். காலைல பத்து மணிக்கு கரைல நின்னு பாத்திருக்காங்க, கடல் தாம்பாளம் மாதிரி கெடந்திருக்கு. எறங்குனாங்க, துடுப்பே போடாம கயாக் சர்ருன்னு போகுது, ஒரே குஷி. ஐநூறு மீட்டர் தாண்டித் திரும்பலாம்னு பாத்தா முன்னாடி எதுவுமே நகரல, துடுப்பு போடப் போட கரை தள்ளித் தள்ளிப் போகுது.

அது கச்சான் காத்து. மே கடைசிலருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம கரைல தெக்க, மேக்கருந்து அடிக்கும், அதாவது தரைலருந்து கடலப் பாத்து. கரை ஓரமா அலை எழும்புறதுக்கு அந்தக் காத்துக்கு தூரமே கிடையாது, அதான் பாக்குறவனுக்கு கடல் தூங்குற மாதிரி தெரியும், உள்ள போகப் போகத்தான் அலை தலையத் தூக்கும். நல்லாப் பழகுனவனே கயாக்ல மணிக்கு அஞ்சாறு கிலோமீட்டர்தான் போவான். காத்தடைக்கிற கயாக் எடையே இல்லாம தண்ணிக்கு மேல நிக்கிறதால அதுவே ஒரு பாய் மாதிரி காத்த வாங்கிக்கும், அதுல எதிர்க்காத்துல வர்றதெல்லாம் நடக்காத காரியம். பாய்மரப் படகுக்கும் இதே கதைதான், எந்தப் படகும் காத்துக்கு நேர் எதுக்க ஓடாது, வளைஞ்சு வளைஞ்சுதான் கரைக்கு வரணும், போக இருபது நிமிஷம்னா வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகலாம்.

நண்டு வலை எடுக்க வத்தைல, அதாவது சின்ன நாட்டுப் படகுல, போன ஒரு அண்ணன்தான் மூணு பேரையும் தூக்கிப் போட்டுக் கூட்டியாந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தாரு. "கச்சான் அடிக்கையில எவனாச்சும் பலூன எடுத்துக்கிட்டு கடலுக்கு வருவானா டாக்டரே"ன்னு கேட்டாரு. மூணு லைஃப் ஜாக்கெட்டும் கயாக்ல இருந்துச்சாம், உக்கார மெத்துன்னு இருக்குன்னு அடில போட்டு உக்காந்திருக்காங்க.

அதனால ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கரைல கடலப் பாத்து நில்லுங்க, காத்து முதுகுல அடிக்குதா? வீட்டுக்குத் திரும்பிருங்க. முகத்துல அடிச்சுதுன்னா தப்பு நடந்தாலும் உங்களக் கரைக்குத்தான் தள்ளும். விடிகாலைல தரைக்காத்து லேசா வரும், அது வேற, வெயில் ஏறுனா அடங்கிரும், அதுக்கப்புறம் கடக்காத்து எழும்பும். ஆனா கச்சான் சீசன்ல அத நம்பி எறங்காதீங்க.

என்னக் கேட்டா ஜனவரி பாதிலருந்து மார்ச் வரைக்கும்தான் நம்ம பக்கம் கயாக்குக்கு ஏத்த காலம். அக்டோபர்லருந்து டிசம்பர் வாடை, கடல் கலங்கி முட்டி மோதும், புயல் காலம் வேற. 2018 நவம்பர்ல கஜா அடிச்சத இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கடல் காலியா இருக்கு ஜாலியா ஓட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரு. காலியா இருந்தா உங்களத் தூக்குறதுக்கும் ஆள் இல்லன்னுதான் அர்த்தம். கடலுக்குப் போறவங்க போன்ல 1554 போட்டு வச்சுக்கங்க, கடலோரக் காவல்படை, இன்னொண்ணு 1093, அது கடலோரப் பாதுகாப்பு போலீஸ். போன வாட்டர் ப்ரூஃப் கவர்ல போட்டு உடம்போட கட்டிக்கங்க, கயாக்ல கட்டாதீங்க, கயாக்தான் மொதல்ல ஓடிப் போகும்.

கண்மாய் கதை வேற. பொங்கலுக்கு சிங்கப்பூர், மலேசியாலருந்து வர்ற பசங்க, வாடை மழைல ரொம்பி நிக்கிற கண்மாயப் பாத்ததும் கயாக்க எறக்கிருவாங்க. கோடைல மண் அள்ளுன பள்ளம் உள்ள எங்க இருக்குன்னு ஊர்க்காரனுக்கே தெரியாது, முழங்கால் தண்ணின்னு கயாக்கவிட்டு எறங்குனா அடுத்த எட்டுல ஆள் முழுகிரும். நடுவுல நிக்கிற கருவேல மரத்து முள்ளு காத்தடைச்ச கயாக்க ஒரே குத்துல காலி பண்ணிரும். தண்ணி தொறந்திருக்கையில மடைப் பக்கம் போகவே கூடாது, மேல அலுங்காமத்தான் இருக்கும், கீழ இழுக்கும். ஊருணில எறங்குறத நான் சொல்லித் தெரிய வேண்டாம், குடிதண்ணி, ஊரே அடிக்க வரும். வேட்டங்குடில விடலாமான்னு ஒரு தம்பி கேட்டான். பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாத ஊருடா அது, அங்க போய் துடுப்பு போடுவியா!

இப்படி ஒரு கண்மாய்லருந்துதான் ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். கரைக்குத் தூக்கியாந்ததும் தாய்மாமன் அவனத் தலைக்கு மேல தூக்கிச் சுத்துசுத்துன்னு சுத்தியிருக்காரு, தண்ணி வெளிய வரட்டும்னு. அப்புறம் இன்னொருத்தர் வயித்த அமுக்கியிருக்காரு. பாசத்துலதான் பண்றாங்க, ஆனா வயித்த அமுக்குனா உள்ள இருக்க சோறு மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகும், சுத்துற நேரத்துல மூளைக்கு ஆக்சிஜன் இல்லாம போய்க்கிட்டே இருக்கும். நல்ல காலம், கூட்டத்துல ஒரு நர்ஸ் பொண்ணு இருந்துச்சு, எல்லாரையும் தள்ளிவிட்டுட்டு வாயோட வாய் வச்சு ஊதுச்சு. மூணாவது ஊதலுக்கு இருமுனானாம். அதத்தான் பண்ணணும். தண்ணில முழுகுனவருக்கு மொதல்ல நிக்கிறது மூச்சு, அதுக்கப்புறம்தான் நெஞ்சு, அதனால மூச்சு இல்லன்னா ஆள மல்லாக்கப் படுக்கப்போட்டு, தாடையத் தூக்கி, மூக்கப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சு எழும்புற அளவுக்கு அஞ்சு தடவை ஊதுங்க. அசைவு இல்லையா, நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 ஊதல், 108 வர்ற வரைக்கும் நிறுத்தாம. வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுத் தொடச்சுட்டு மறுபடி தொடங்குங்க. முழிச்சு உக்காந்துட்டான், இருமல் மட்டும்தான் இருக்குன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நுரையீரல் வேலையக் காட்ட சில மணி நேரம் ஆகும்.

காப்பாத்தக் குதிக்காதீங்க, ஜாக்கெட் இல்லாம குதிச்சவரும் சேந்து போன கேஸ் எனக்குத் தெரியும். வேட்டி, கயிறு, மூடி போட்ட காலி கேன், கைல கெடைக்கிறத எறிங்க. இன்னொண்ணு, முழுகுறவன் கத்த மாட்டான். வாய் தண்ணி மட்டத்துல இருக்கும், மூச்சு வாங்கவே நேரம் இருக்காது, கத்துறது எங்க? பக்கத்துலயே பேசிக்கிட்டு இருந்தோம் சார்ம்பாங்க. நிஜமாத்தான் இருக்கும்.

ஜாக்கெட்ட போட்டா மட்டும் போதாது. எல்லா பக்கிளையும் மாட்டி இறுக்குங்க, கூட இருக்கவர விட்டு ரெண்டு தோள்பட்டையையும் புடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறுதுன்னா அது உங்க சைஸ் இல்ல. தண்ணில விழுந்தா ஜாக்கெட் மட்டும் மெதக்கும். சின்னப் பசங்களுக்கு காலுக்கு நடுவுல வார் இருக்கற ஜாக்கெட்தான் வாங்கணும்.

இவ்வளவு பேசுற நானும் ஒரு தடவை மாட்டுனவன்தான். ரெண்டாவது வருஷம், இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேல தண்ணி, கயாக் கவுந்துருச்சு, ஏற முடியல. கரைல உக்காந்து எறங்கிப் பழகுனேனே தவிர தண்ணிலருந்து ஏறிப் பழகவே இல்ல. பத்து தடவை ஏறி பத்து தடவை அந்தப் பக்கம் விழுந்தேன். கடைசில கயாக்கப் புடிச்சுக்கிட்டு கரைக்கு நடந்தேன், கால எடுத்து வைக்கிறதுக்குப் பதிலா மண்ணத் தேய்ச்சுத் தேய்ச்சு, ஏன்னா அந்த மண்ணுல திருக்கை படுத்திருக்கும், தேய்ச்சு நடந்தா அதுவே ஒதுங்கிரும், மிதிச்சாத்தான் முள்ளால அடிக்கும். அடிச்சுருச்சுன்னா பொறுக்கற சூட்டுல சுடுதண்ணில அரை மணிக்கு மேல கால முக்கி வச்சா வலி எறங்கும், சூட்ட அடிபடாத கால விட்டு மொதல்ல பாத்துக்கங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிருங்க, முள்ளு உள்ள ஒடைஞ்சு இருக்கலாம்.

அந்த வத்தைக்கார அண்ணன் நம்பர வாங்கி வச்சுக்கிட்டேன். இப்பெல்லாம் வெதர் ஆப் பாத்தாலும் கெளம்பி அந்தப் பக்கம் போனதும் அவருக்கு ஒரு போன் போட்டுருவேன். போன ஞாயித்துக்கிழமை தொண்டி போய்ச் சேர்ந்து கூப்பிட்டேன். கடல் கண்ணாடி மாதிரி இருக்கேண்ணே, எறங்கவான்னு கேட்டேன். "எங்க, திரும்பி நின்னு ஊரப் பாருங்க டாக்டரே, தென்னை மட்டை எந்தப் பக்கம் படுத்துருக்கு?"ன்னாரு. மட்டையெல்லாம் கடலப் பாத்துப் படுத்துருந்துச்சு. கார் மேல கட்டுன கயாக்க அவுக்காமலே திருப்பிக்கிட்டு வந்து தேவகோட்டைல காப்பி குடிச்சோம்.